காரில்லாமல் வாழத் தோட்டப்புறச் சிறுநகரில் வீடு: வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் பழைய கடைத்தெரு, ரயில் நிலையம், காலைச் சந்தை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் நடந்து போகிற தூரத்துக்குள் அடங்கிவிடும். அதைச் சுற்றிச் செம்பனையும் பால்மரமும். இப்படிப்பட்ட ஊரில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் வங்கியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்கிறார்கள், அந்தத் தொகைக்கு வீடு பார்க்கிறார்கள், சாவி கைக்கு வந்த பிறகுதான் சந்தைக்கு எப்படிப் போவது என்று யோசிக்கிறார்கள். வீடு அதற்குள் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் வெளியே ஒரு புதிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், அமைந்துவிட்டிருக்கும். சில மாதங்களில் வாசலில் இரண்டாவது கார் நிற்கும்.

இந்த வழிகாட்டி வரிசையை மாற்றுகிறது: முதலில் கால், பிறகு ஊர், பிறகு வாடகை, பிறகு கணக்கு, பிறகு நிலப்பட்டா, கடைசியில்தான் வங்கி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளில் உங்கள் குடும்பம் ஒரு வாரத்தில் போகும் இடங்களை எழுதுங்கள். வேலை, பள்ளி, டியூசன், சந்தை, கோயில், கிளினிக், பெரியம்மா வீடு, எதையும் விட வேண்டாம். எத்தனை முறை, யார், எந்த நேரத்தில் என்பதும் வேண்டும். மாதம் ஒரு முறை போகும் ஈப்போ பெரிய மருத்துவமனைக்கும் தினமும் போகும் பள்ளிக்கும் ஒரே எடை கொடுப்பதுதான் முதல் தவறு.

கூடவே ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, ஊழியர் சேமநிதி அறிக்கை, மத்திய வங்கியான பேங்க் நெகாரா தரும் சிசிரிஸ் எனப்படும் கடன் அறிக்கை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சிசிரிஸ் அறிக்கையை இப்போதே பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மோட்டார் தவணை இரண்டு மாதம் தவறியிருந்தால் அதில் தெரியும். நல்லபடியாகக் கட்டிய புதிய பதிவுகள் சேரப் பல மாதங்கள் பிடிக்கும். வீடு கிடைத்த பிறகு அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

2. தூரத்தைக் காலால் அளப்பது

கைப்பேசி வரைபடத்தில் நேர்க்கோட்டில் 600 மீட்டர் காட்டும் வீடு, நடந்து பார்த்தால் ஒன்றரை கிலோமீட்டராக இருக்கலாம். நடுவில் ரயில் பாதையோ பெரிய வடிகாலோ ஓடும், கடக்கும் இடம் ஊரின் மறுகோடியில் இருக்கும். அதனால் வாசலிலிருந்து வாசலுக்கு நடந்தே பாருங்கள். சாதாரண நடையில் 400 மீட்டருக்கு ஐந்து நிமிடம், 800 மீட்டருக்குப் பத்து நிமிடம் ஆகும். நம் வெயிலில் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் மனம் மோட்டார் சாவியைத் தேடத் தொடங்கிவிடும். அன்றாடம் போகும் இடங்களுக்கு 800 மீட்டரை எல்லையாக வைப்பது நல்லது.

எப்போது நடக்கிறீர்கள் என்பது முக்கியம். வீடு பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு காலை வருகிறார்கள். அப்போது எந்தத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். வேலை நாளில் மூன்று வேளை நடந்து பாருங்கள்: பள்ளி தொடங்கும் முன், மதியம் பள்ளி விடும்போது, இரவு எட்டு மணிக்குப் பிறகு. மாலை மழை நேரத்தில் ஒரு தடவை நடந்தால் எந்தச் சந்தில் தண்ணீர் தேங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

பெருஞ்சாலையைக் கடப்பதைத் தனியாகக் கவனியுங்கள். சுங்கை சிப்புட்டில் கூட்டரசு சாலை 1 ஊரை ஒட்டியே போகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையைச் சிக்னலோ மேம்பாலமோ இல்லாமல் கடக்க வேண்டியிருந்தால், தூரம் 200 மீட்டராக இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது. அந்த வீட்டை நடக்கும் தூரத்து வீடு என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைத்தெருவில் ஐந்தடி நடைபாதை இருப்பதால் வெயிலும் மழையும் படாமல் போகலாம் என்று எண்ணுவீர்கள். பாதிக் கடைகள் அதில் சாமான் அடுக்கியிருக்கும், கடைக்குக் கடை தளம் அரையடி ஏறி இறங்கும். முழங்கால் வலி உள்ள பாட்டியையே உடன் அழைத்துப் போய் அளந்தால் உண்மை தெரியும். வீட்டிலேயே மெதுவாக நடக்கிறவரின் வேகம்தான் வீட்டின் உண்மையான தூரம்.

கனமான பொருள்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் கொண்டுவந்து போடும் மளிகைக்கடை இந்த ஊர்களில் இன்னும் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு வருவார்களா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டால் போதும். குடும்பத்துக்கு ஒரு மோட்டார் இருப்பதையும் நான் குறையாகச் சொல்லமாட்டேன். வீட்டுக் கணக்கைக் கவிழ்ப்பது கார் தவணைதான்.

3. எது நிலைக்கும், எது நகரும்

வாடகையா சொந்தமா என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் இன்றைய தூரங்களுக்குப் பணம் கொடுக்கிறார். வாங்குகிறவர் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளின் தூரங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். தோட்டப்புற ஊர்களில் தூரங்கள் மாறும். தோட்டம் வீட்டு மனையாகும்போது நெடுஞ்சாலைப் பக்கம் புதிய கடைவரிசை எழும்புகிறது. பேரங்காடி அங்கே திறக்கும், வங்கிக்கிளை அங்கே மாறும், தனியார் கிளினிக்கும் பின்னால் போகும். பழைய தெருவில் வீடு வாங்கியவர் இடம் மாறாமலேயே எல்லாவற்றிலிருந்தும் தூரமாகிவிடுவார்.

எனவே முதல் படியில் எழுதிய இடங்களை இரண்டாகப் பிரியுங்கள். ரயில் நிலையம், அரசாங்க மருத்துவமனை, பள்ளி, கோயில், நகராண்மைக் கழகச் சந்தை ஆகியவை எளிதில் நகராதவை. வங்கி, பேரங்காடி, உணவகம், தனியார் கிளினிக் ஆகியவை குத்தகை முடிந்தால் பெயர்ந்துவிடும். உங்கள் வாரத்தின் பெரும்பகுதி முதல் வகையைச் சார்ந்திருந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டாம் வகையைச் சார்ந்திருந்தால் வாடகைதான் பாதுகாப்பு. கடை நகர்ந்தால் நீங்களும் நகரலாம்.

தமிழ்ப்பள்ளியை நிலையானது என்று சொன்னாலும் ஒரு சொல். தோட்டம் காலியாகி மாணவர் குறைந்த பள்ளிகள் வேறு இடத்துக்கு மாற்றப்படுவது உண்டு. முதலாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்று பள்ளியில் விசாரியுங்கள்.

பஸ்ஸை எந்த வகையிலும் சேர்க்காதீர்கள். கால அட்டவணையில் இருக்கும் பஸ்ஸும் உண்மையில் வரும் பஸ்ஸும் வேறு. நிறுத்தத்தில் காத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

4. வாங்கும் எண்ணம் இருந்தாலும் முதலில் வாடகை

பிடித்த தெருவிலேயே ஓராண்டு வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குவதே என் பரிந்துரை. ஓராண்டில் பள்ளித் தவணை, மழைக்காலம், தீபாவளிக் கூட்டம் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். காரில்லாமல் உங்களால் வாழ முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும். பலரால் முடிவதில்லை, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகு தெரிவதைவிட வாடகையில் தெரிவது மலிவு.

இன்னொரு லாபமும் உண்டு. பழைய ஊர்களில் நல்ல வீடுகள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே கோயிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் பேசி முடிந்துவிடும். தெருவில் குடியிருப்பவர் காதில்தான் அந்தச் செய்தி விழும்.

கடைவீட்டு மேல்மாடி இந்த ஓராண்டுக்கு ஏற்ற இடம். ஊரின் நடுவில் இருக்கும், வாடகையும் தாமான் வீட்டை ஒட்டியோ குறைவாகவோ இருக்கும். ஆனால் மின்கட்டணம் வணிக விகிதத்தில் வருகிறதா என்று பழைய பில்லைக் கேட்டுப் பாருங்கள். வாங்கும் எண்ணத்தோடு அதைப் பார்க்காதீர்கள். வணிகப் பட்டாவுள்ள கட்டடத்துக்கு முதல் வீடு வாங்குகிறவருக்கான முத்திரை வரிச் சலுகை கிடைக்காது.

5. வாடகை ஒப்பந்தம்

தெரிந்த மனிதர், ஒரே கோயில், ஒப்பந்தம் எதற்கு என்பார்கள். எழுதுங்கள். வழக்கமாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகையாகவும், அரை மாதம் மின்சாரம் தண்ணீருக்கும், ஒரு மாதம் முன்வாடகையாகவும் கேட்பார்கள். வாடகை 650 ரிங்கிட் என்றால் 2,275 ரிங்கிட் தயாராக இருக்க வேண்டும்.

எழுதிய ஒப்பந்தத்துக்கு 30 நாட்களுக்குள் முத்திரை வரி கட்டி முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட், ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 ரிங்கிட். முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு விலக்கு இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து அது இல்லை. 650 ரிங்கிட் வீட்டுக்கு ஓராண்டு முத்திரை 32 ரிங்கிட்தான். இதை மிச்சம் பிடித்து வைப்புத்தொகையை இழந்தவர்கள் நிறைய.

மூன்று விஷயங்களை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். கூரை ஒழுகினால், கறையான் வந்தால் யார் செலவு? புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு வரை ஏறலாம்? உரிமையாளர் விற்க முடிவு செய்தால் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. தேசிய நிலச் சட்டத்தின்படி மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகையைப் பட்டாவில் குறிப்பாகப் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதியாத வாடகை, வீடு கைமாறினால் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாமல் போகக்கூடும்.

வாடகை பாக்கி என்றாலும் உரிமையாளர் தாமாகப் பூட்டை மாற்றி வெளியேற்ற முடியாது. 1950 ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். குடிபுகும் நாளில் எல்லா அறைகளையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள்.

6. கணக்கு

ஊரில் வழக்கமாகச் செய்யும் ஒப்பீடு, மாதத் தவணையை வாடகையோடு வைத்துப் பார்ப்பது. அது தவறு, ஏனென்றால் தவணையில் ஒரு பகுதி உங்கள் முதலாகத் திரும்புகிறது. ஒப்பிட வேண்டியது இரு பக்கத்திலும் திரும்பி வராத பணத்தை.

ஓர் உதாரணம். 200,000 ரிங்கிட் ஒரு மாடி வரிசை வீடு, 180,000 ரிங்கிட் கடன், 4 விழுக்காடு வட்டி, 30 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 859 ரிங்கிட். முதல் ஆண்டில் கட்டும் 10,312 ரிங்கிட்டில் சுமார் 7,140 ரிங்கிட் வட்டி. அதோடு மதிப்பீட்டு வரி, நில வரி, தீக் காப்புறுதி, கூரைக்கும் குழாய்க்கும் ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் ஒதுக்கினால் 9,140 ரிங்கிட் ஆகிறது. அதே வீட்டை 650 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு எடுத்தால் ஆண்டுக்கு 7,800. முதல் ஆண்டுகளில் வாடகையே மலிவு. கடன் குறையக் குறைய வட்டி இறங்கும், வாடகை ஏறும். ஒரு கட்டத்தில் இரண்டும் சந்திக்கும்.

அதுவரை அந்த வீட்டில் இருப்பீர்களா என்பதே கேள்வி. வாங்கும்போது வழக்கறிஞர் கட்டணம் முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு. விற்பனைக்கும் கடனுக்குமாக இந்த உதாரணத்தில் 4,750 ரிங்கிட், அதற்கு மேல் சேவை வரியும் சில்லறைச் செலவும். முதல் வீடு இல்லையென்றால் பெயர் மாற்ற முத்திரை 3,000 ரிங்கிட், கடன் முத்திரை 900 ரிங்கிட். விற்கும்போது முகவருக்கு 3 விழுக்காடு வரை. மூன்றாண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து லாப வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. சொந்தக் குடியிருப்புக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்கும் கேட்கலாம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஐந்தாண்டுக்குள் ஊர் மாற வாய்ப்பிருப்பவர் வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கார் நுழையும் இடமும் இதுதான். வங்கி உங்கள் எல்லாத் தவணைகளையும் கூட்டி வருமானத்தோடு ஒப்பிடும். மாதம் 600 ரிங்கிட் கார் தவணை, மேலே சொன்ன வட்டியிலும் காலத்திலும் சுமார் 125,000 ரிங்கிட் வீட்டுக் கடனுக்குச் சமம். காரை விட்டவர் ஊருக்குள் சற்று விலை கூடிய பழைய வீட்டை எடுக்க முடிவதும், கார் வைத்திருப்பவர் தொலைவான புதிய வீட்டுக்குத் தள்ளப்படுவதும் இதனால்தான். முதலில் கார் வாங்கிவிட்டுப் பிறகு வீட்டுக் கடன் கேட்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

7. கிராண்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

கிராண்ட் என்று நாம் சொல்லும் நிலப்பட்டாவின் நகலை விற்பவர் காட்டுவார். அது போதாது. நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி எனப்படும் அதிகாரபூர்வத் தேடலைச் செய்யுங்கள். கட்டணம் சிறிது, அதில் தெரிவது பெரிது. கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மலாய் ஒதுக்கீட்டு நிலமா? ஆமெனில் மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. "பக்கத்து வீட்டில் நம்மவர்தானே இருக்கிறார்" என்பது சான்றாகாது. அவர் வாடகைக்கு இருக்கலாம்.

குத்தகை நிலமா, எத்தனை ஆண்டு மீதி? 1975 இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2074 இல் முடியும். மீதிக் காலம் குறையக் குறைய வங்கி கடன் தொகையையோ காலத்தையோ குறைக்கும். நீட்டிக்க மாநில அரசுக்குப் பிரிமியம் கட்ட வேண்டும். விலை மலிவாக இருக்கும் பழைய தெருக்களில் காரணம் பல நேரம் இதுதான்.

உரிமைக் கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா? மலிவுவிலை வீடுகளில் மாநில அரசின் ஒப்புதலின்றி விற்கக்கூடாது என்ற வரி சாதாரணம். ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வாடகை கட்டும் பணம் வேண்டும்.

நிலம் கட்டட வகையா, விவசாய வகையா? தோட்டத்தை ஒட்டிய மனைகளில் விவசாய வகை நிலத்தில் வீடு கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். வழக்கமான வீட்டுக் கடன் அங்கே சிக்கலாகும்.

கடைசியாக, பட்டாவே இல்லாத, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிம நிலம். இதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பெரியவர்கள் முன்னிலையில் தாளில் எழுதிக் கைமாற்றுவார்கள். அந்தத் தாளுக்கு மதிப்பு எதுவும் கிடையாது.

8. வங்கி, வயது, சேமநிதி

வீட்டுக் கடனின் காலம் பொதுவாக 35 ஆண்டு அல்லது 70 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரை. ஐம்பது வயதில் விண்ணப்பித்தால் 20 ஆண்டுதான். அதே 180,000 ரிங்கிட்டுக்குத் தவணை 859 இலிருந்து 1,091 ஆக உயரும். தோட்ட வீட்டில் இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். லயத்து வீடும் குவார்ட்டர்ஸும் வேலையோடு வருபவை, வேலையோடு போய்விடும். ஓய்வு வயது 60. ஐம்பத்தெட்டில் வீடு தேடத் தொடங்குகிறவருக்கு வங்கிக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டிருக்கும்.

அப்போது குடும்பங்கள் செய்வது, மகன் பெயரைச் சேர்த்துக் கூட்டாக வாங்குவது. மகனின் முதல் வீட்டுச் சலுகை அதோடு தீர்ந்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. 500,000 ரிங்கிட்டுக்குள் முதல் வீடு வாங்குகிறவருக்கான முத்திரை விலக்கு, இதற்கு முன் எந்தக் குடியிருப்புச் சொத்தும், மரபுரிமையாகக்கூட, பெறாதவருக்குத்தான். விலக்கை அரசாங்கம் குறித்த காலத்துக்கு அறிவித்து நீட்டித்து வருகிறது. ஒப்பந்த நாளில் நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எடுப்பதானால் அதன் செஜாத்ரா என்ற உட்கணக்கிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து சந்தாவில் 15 விழுக்காடுதான் அதில் சேருகிறது. 55 வயதில் முழுச் சேமிப்பையும் எடுத்து ரொக்கமாக வீடு வாங்கிவிட்டு, மாதச் செலவுக்குப் பிள்ளைகளை எதிர்பார்க்கும் நிலைக்குப் போகாதீர்கள்.

சம்பளச் சீட்டு இல்லாத சிறுவியாபாரிகளும் தினக்கூலிகளும் கடனே கிடைக்காது என்று விலகிவிட வேண்டாம். அவர்களுக்காகவே எஸ்ஜேகேபி என்ற அரசாங்க உத்தரவாத ஏற்பாடு இருக்கிறது. வங்கியில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

9. முன்பணத்திலிருந்து சாவி வரை

வரிசை இது: தேடல் முடிவு, வங்கியின் முதற்கட்ட ஒப்புதல், அதன் பிறகு முன்பணம் 2 அல்லது 3 விழுக்காடு, விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10 விழுக்காட்டில் மீதி, பிறகு கடன். முன்பண ரசீதில் "கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்" என்ற வரி இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு வழக்கமாக மூன்று மாதமும், வட்டியோடு கூடுதலாக ஒரு மாதமும் அவகாசம் இருக்கும். மாநில ஒப்புதல் தேவைப்பட்டால் அது கிடைத்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள்.

விற்பவரின் வழக்கறிஞரையே பகிர்ந்துகொண்டு மிச்சம் பிடிப்பது வேண்டாம். முகவரின் பதிவு எண்ணையும் கேளுங்கள்; ஊரில் முகவர் போல நடமாடும் பலருக்குப் பதிவு கிடையாது.

ஏல வீடு மலிவாகக் கிடைக்கும். ஆனால் 10 விழுக்காடு அன்றைக்கே கட்ட வேண்டும், மீதியை 90 அல்லது 120 நாளில் முடிக்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். உள்ளே ஆள் குடியிருந்தால் வெளியேற்றுவதும் உங்கள் பொறுப்பு. முதல் வீட்டுக்கு இது வேண்டாத வம்பு.

10. வாடகையே முடிவு என்றால்

மூன்றாம் படியில் உங்கள் ஊர் நகரும் ஊராகத் தெரிந்தால், அல்லது ஏழாம் படியில் பட்டா சரியில்லையென்றால், வாடகையில் நிம்மதியாக இருங்கள். ஆனால் வாங்கியவர் முதலாகச் சேர்க்கும் தொகையை நீங்களும் எங்காவது சேர்க்க வேண்டும். முதல் ஆண்டில் அது மேலே சொன்ன உதாரணத்தில் சுமார் 3,170 ரிங்கிட், அதாவது மாதம் 265. சேமநிதியில் தாமாக முன்வந்து ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை செலுத்தலாம். சம்பள நாளிலேயே கழிந்துவிடும்படி ஏற்பாடு செய்யுங்கள். மாதக் கடைசியில் மிச்சமிருப்பதைப் போடலாம் என்று விட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆண்டுக்கு ஒரு முறை, ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில், முதல் படியின் தாளை எடுத்துத் திரும்ப நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.